பையனுக்கு டூரெட் என்றார்கள், அது மனநோயா?

கேட்டவர் ஒரு தாய். அவர் எழுதியதன் சுருக்கம் இது. மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. ஒன்றரை வருடத்துக்கு முன் ஓயாமல் கண்ணைச் சிமிட்ட ஆரம்பித்தான். கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். அது குறைந்த கையோடு தோளைத் தூக்கிக் குலுக்குவது வந்தது. பிறகு தொண்டையில் "ஹ்ம், ஹ்ம்" என்று ஒரு செருமல். அலர்ஜி என்று சில மாதம் மாத்திரை. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் டூரெட் சிண்ட்ரோம் என்றார். வகுப்பாசிரியை, "இது மனநோய்தானே, மத்த பிள்ளைங்களுக்கு ஆபத்து இல்லையா?" என்கிறார்; மனநல மருத்துவரிடம் காட்டவும் சொல்கிறார். மாமியார், "ரெண்டு போட்டா நிக்கும், கெட்ட பழக்கம்" என்கிறார். யூடியூபில் தேடினால் கெட்ட வார்த்தையாகக் கத்துகிறவர்கள்தான் வருகிறார்கள். "இது மனநோய் இல்லைன்னு நாலு பேருக்குக் காட்டற மாதிரி எழுதித் தாங்க" என்பது அவர் கோரிக்கை.

அம்மா, நான் மருத்துவ உளவியல் படித்து, டிக் உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவன். மருந்து எழுதும் டாக்டர் இல்லை. நீங்கள் கேட்டதை எழுதித் தருகிறேன். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக் கொடுத்தால் உங்கள் பையனுக்குப் பாதி உதவிதான் கிடைக்கும். அவனைத் தினமும் கஷ்டப்படுத்துவது 'மனநோய்' என்ற சொல்லை விட, "நெனச்சா அடக்க முடியுதே, அப்போ வேணும்னுதானே பண்றான்" என்ற நினைப்புதான் என்பது என் அனுபவம். அதற்கு வருவதற்கு முன் கேட்ட கேள்வி.

டிக் என்றால் ஒரே அசைவோ சத்தமோ திடீரென்று, வெடுக்கென்று, தாளம் எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்ப வருவது. கண் சிமிட்டல், மூக்கைச் சுருக்குவது, வாயைக் கோணுவது, கழுத்தை வெட்டி இழுப்பது எல்லாம் அசைவு டிக். செருமல், மூக்குறிஞ்சல், முனகல், சின்னக் கூச்சல் எல்லாம் ஒலி டிக். அசைவு டிக் பலவும் ஒலி டிக் ஒன்றாவதும் இருந்து, 18 வயதுக்குள் தொடங்கி, கூடியும் குறைந்தும் ஒரு வருடத்துக்கு மேல் நீடித்து, வேறு நோயோ மருந்தோ அதற்குக் காரணமாக இல்லை என்றால் டூரெட் என்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனிலும் தெரியாது. கேட்டும் பார்த்தும்தான் முடிவு செய்வார்கள். அதனால்தான் கண் டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர், அலர்ஜி மாத்திரை என்று சுற்றிவிட்டு வருவது கிட்டத்தட்ட எல்லாக் குடும்பங்களின் கதையாகவும் இருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஆயிரத்துக்கு 3 முதல் 9 பேர் வரை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பையன்களுக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகம். ஆகவே ஓரளவு பெரிய பள்ளி என்றால் உங்கள் மகனைத் தவிர இன்னும் சிலர் அங்கேயே இருப்பார்கள். அவர்களுக்கு இன்னும் 'சேட்டை' என்றுதான் பெயர்.

இது மனநோயா? யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய நோய்ப் பட்டியலில் டூரெட் மன, நடத்தைக் கோளாறுகளின் அத்தியாயத்தில் இருந்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் அதை நரம்பு மண்டல நோய்களின் அத்தியாயத்துக்கு மாற்றிவிட்டார்கள். நரம்பு வளர்ச்சிக் கோளாறுகளின் கீழும் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலும் 2013 முதல் அது நரம்பு வளர்ச்சிக் கோளாறுதான், ஆட்டிசம், கவனக்குறைவுக் கோளாறு (ADHD) ஆகியவற்றின் வரிசையில். நம் நாட்டுச் சட்டம் இன்னும் தெளிவு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குச் சொல்லும் வரையறையில் சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, சூழலறிவு, நினைவாற்றல் இவற்றில் பெரிய கோளாறு ஏற்பட்டு, முடிவெடுக்கும் திறனோ, நடத்தையோ, உண்மை நிலையை உணரும் திறனோ, அன்றாட வாழ்க்கைத் தேவைகளைச் சமாளிக்கும் திறனோ கடுமையாகக் கெட்டிருக்க வேண்டும். உங்கள் பையனுக்கு இதில் எதுவும் இல்லை. தோள் குலுங்கும் அதே நொடியில் அவனால் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொல்ல முடியும். தோள் குலுங்கியதும் அவனுக்குத் தெரியும், பக்கத்து பெஞ்சுப் பையன் பார்த்ததும் தெரியும். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூளையின் ஆழத்தில் அடித்தள நரம்பு முடிச்சுகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. உடம்பு செய்யத் தயாராகும் பல அசைவுகளில் தேவையானதை அனுப்பி, வேண்டாததைத் தடுத்து வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. டூரெட்டில் அந்தத் தடுப்பு அங்கங்கே கசிகிறது. டோப்பமின் என்ற ரசாயனத்துக்கு இதில் பங்கு உண்டு. அதன் வேலையைக் குறைக்கும் மருந்துகள் டிக்கைக் குறைப்பதே அதற்குச் சாட்சி. குடும்பவழி வருவது அதிகம். உங்கள் கணவரோ சகோதரரோ சின்ன வயதில் ஓயாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிந்தது உண்டா என்று விசாரித்துப் பாருங்கள். பல வீடுகளில் தாத்தா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்.

இப்படித் தெளிவாக இருக்கிற ஒன்று ஏன் இவ்வளவு நாள் மனக்கோளாறாகப் பார்க்கப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பாரிஸில் இத்தார் என்ற மருத்துவர் 1825-இல் ஒரு பிரபுகுலப் பெண்ணைப் பற்றி எழுதினார். அந்தச் சீமாட்டிக்கு 7 வயதில் கை வெட்டி இழுக்க ஆரம்பித்தது. பெரியவளான பின், விருந்தினர் நடுவே அவள் வாயிலிருந்து ஆபாச வார்த்தைகள் வெடித்தன. மரியாதைக்குரிய குடும்பம், மறைத்தே வைத்தார்கள். 60 வருடம் கழித்து, 1885-இல், சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் சார்க்கோவிடம் பயின்ற ஜார்ஜ் ஜில் த லா டூரெட் ஒன்பது நோயாளிகளை விவரித்து ஒரு கட்டுரை எழுதினார். அதில் இந்தச் சீமாட்டியும் ஒருத்தி. சார்க்கோ நோய்க்குத் தன் மாணவர் பெயரையே வைத்தார். ஆக, இந்த நோய்க்கு உலகில் கிடைத்த முதல் முகமே கெட்ட வார்த்தை பேசும் ஒரு சீமாட்டி. அந்த முகம் இன்னும் மாறவில்லை. (டூரெட்டின் வாழ்க்கையே ஒரு தனிக்கதை. 1893-இல் அந்த மருத்துவமனையின் பழைய நோயாளி ஒருத்தி அவரைத் துப்பாக்கியால் சுட்டாள், பிழைத்துக்கொண்டார். 1904-இல் சுவிட்சர்லாந்தில் ஒரு மனநோய் மருத்துவமனையில்தான் இறந்தார்.)

அடுத்து வந்த உளப்பகுப்பாய்வுக்காரர்கள் (ஃபிராய்டின் வழியில் ஆழ்மனதில் காரணம் தேடியவர்கள்) கதையை இன்னும் கெடுத்தார்கள். ஹங்கேரியின் ஃபெரென்சி 1921-இல் டிக்குகளைச் சுய இன்பத்தோடு முடிச்சுப் போட்டு எழுதினார். அதற்குப் பின் பல பத்தாண்டுகள், பிள்ளைக்கு டிக் வந்தால் அடக்கி வைத்த கோபம், தாயின் வளர்ப்பு என்று காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். 1960-களில் ஹாலோபெரிடால் என்ற மருந்து டிக்குகளைக் குறைப்பது தெரிந்தது. நியூயார்க்கின் ஷாப்பிரோ தம்பதி 1968-இல் ஒரு பெண்ணின் சிகிச்சையை எழுதி, இது மூளை சம்பந்தப்பட்டது, அம்மா அப்பாவை விடுங்கள் என்று வாதாடினார்கள். 1972-இல் பெற்றோர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 'இது மனநோய் இல்லை' என்ற முழக்கம் பிறந்த இடம் அதுதான். அத்தனை வருடம் பழி சுமந்தவர்களின் வாயிலிருந்து வந்த முழக்கம் என்பதால் அதில் எனக்கு மரியாதை உண்டு.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாமியார் சொன்னதில் ஒரு கவனிப்பு இருக்கிறது, அதை ஒதுக்கிவிட வேண்டாம். அவர் அதட்டினால் பையன் சற்று நேரம் நிறுத்துகிறான். விருந்தாளி வந்தால் நிறுத்துகிறான். வகுப்பில் அடக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்ததும் கொட்டித் தீர்க்கிறான். மொபைலில் கேம் விளையாடும்போது சில சமயம் சுத்தமாக இல்லை, சில சமயம் இரண்டு மடங்கு. பார்ப்பவர்களுக்கு நடிப்பு மாதிரிதான் இருக்கும்.

ஒரு நிமிடம் கண்ணைச் சிமிட்டாமல் எதிர்ச் சுவரைப் பாருங்கள். முதல் பத்து இருபது நொடி ஒன்றும் இல்லை. பிறகு எரிச்சல், கண்ணில் நீர், மனம் முழுவதும் கண்ணிலேயே போய் நிற்கும். சிமிட்டியதும் அப்பாடா என்று இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் நான் பாடம் நடத்தியிருந்தால் எதைக் கவனித்திருப்பீர்கள்? சிமிட்டியது நீங்கள்தான், ஆனால் அதை வேண்டுமென்று செய்தீர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டிக்குக்கு முன்னால் வரும் உந்துதலும் இப்படித்தான். சுமார் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளால் அதைச் சொல்லவும் முடியும். என்னிடம் வந்த ஒரு பையன், "கழுத்துக்குள்ள ஏதோ சுருட்டிக்கிட்டு நிக்குது சார், ஒரு வெட்டு வெட்டுனாத்தான் விடும், சரியா வெட்டலேன்னா திரும்பவும் வெட்டணும்" என்றான். மூன்று பாடப்புத்தகம் படித்தாலும் இதைவிடத் தெளிவாகக் கிடைக்காது. அதுவும் அந்த 'சரியா' என்ற சொல். அசைவு போதாது, சரியான உணர்வு கிடைக்கும்வரை செய்ய வேண்டும்.

ஆகவே, அடக்க முடியும், ஆனால் இலவசமாக முடியாது. வகுப்பில் நாற்பது நிமிடம் அடக்கும் பிள்ளை அந்த நாற்பது நிமிடப் பாடத்தை இழக்கிறான். அவனை அதட்டி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நாம் கணக்கையோ அறிவியலையோ விலையாக வாங்குகிறோம். இன்னொன்று, பதற்றம், களைப்பு, ஆர்ப்பரிப்பு, பரீட்சை, பிறந்தநாள் விழா எல்லாமே டிக்கைக் கூட்டும். சந்தோஷம்கூடக் கூட்டும். அடி நிச்சயம் கூட்டும். முழு மனதும் உடம்பும் ஒன்றில் ஆழ்ந்துவிட்டால் அடங்கிவிடும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடுமையான டூரெட் உள்ள ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். வெளியே கை கால் பாய்ந்துகொண்டே இருக்கும். அறுவை மேசைக்கு முன் நின்றதும் கை அசையாது. விமானமும் ஓட்டினார். அமெரிக்கக் கோல்கீப்பர் டிம் ஹோவர்ட் 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பதினைந்துக்குக் குறையாத கோல்களைத் தடுத்தவர். அவருக்கும் சிறு வயதிலிருந்தே டூரெட். மேடையில் ஸ்காட்லாந்துப் பாடகர் லூயிஸ் கபால்டிக்கு நேர்மாறாக நடந்தது. 2023-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் பாட்டு நடுவே டிக் மிகுந்து அவரால் பாட முடியாமல் போக, எதிரே நின்ற கூட்டம் மீதிப் பாட்டைப் பாடி முடித்தது. ஒருவருக்கு ஒரு நேரத்தில் அடங்குவதை வைத்து இன்னொருவரை அளக்க முடியாது, அவரையே மறுநாள் அளக்கவும் முடியாது.

இதற்கு எதிர்ப்பக்க மூடநம்பிக்கையும் இருக்கிறது, படித்தவர்கள் மத்தியில். "அடக்கவே விடாதீர்கள், அடக்கினால் பின்னால் இரண்டு மடங்காக வெடிக்கும்" என்பார்கள். பரிசோதித்துப் பார்த்த ஆய்வுகளில் அப்படி வெடிப்பது உறுதியாகவில்லை. மாலையில் வீட்டில் கூடுவதற்குக் களைப்பும், வீட்டில் அடக்கத் தேவையில்லை என்பதுமே போதுமான காரணங்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சையே அந்த உந்துதலோடு பழகுவதை அடிப்படையாகக் கொண்டது. உந்துதல் வருவதை முதலில் பையன் கண்டுகொள்ளப் பழகுகிறான்; பிறகு அந்த டிக்கோடு சேர்ந்து நடக்க முடியாத வேறொரு சின்ன அசைவை, உந்துதல் தணியும்வரை, செய்யப் பழகுகிறான். தோள் குலுக்கல் என்றால் முழங்கையை விலாவோடு மெல்ல அழுத்தி வைப்பது. செருமல் என்றால் வாயை மூடி மூக்கு வழியாக நிதானமாக மூச்சு விடுவது. கூடவே, எந்தச் சூழலில் கூடுகிறது, அப்போது வீட்டில் யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து அதை மாற்றுகிறோம். 1973-இல் தொடங்கிய முறை இது. 126 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், 10 வாரப் பயிற்சி பெற்றவர்களில் 52.5 சதவீதத்தினர் நன்றாக முன்னேறினார்கள். ஆதரவும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் 18.5 சதவீதம். 'அடக்கு' என்று அதட்டுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை மாமியாருக்குப் புரியவைக்க வேண்டியிருக்கும். அவரையே ஒருநாள் பயிற்சிக்குக் கூட்டி வரலாம். பாட்டிமார் கற்றுக்கொண்டால் அப்பாக்களைவிடச் சிறப்பாகச் செய்கிறார்கள்.

கெட்ட வார்த்தை விஷயத்தை சீக்கிரம் முடித்துவிடலாம். டூரெட் உள்ளவர்களில் சுமார் 10 முதல் 15 சதவீதத்தினருக்குத்தான் அது வருகிறது. நோயைக் கண்டறிய அது தேவையே இல்லை. வீடியோக்களில் அது மட்டுமே தெரிவதற்குக் காரணம், கண் சிமிட்டும் பையனின் வீடியோவை யாரும் பகிர மாட்டார்கள் என்பதுதான். ஆனால் வருகிறவர்களைக் கைவிட்டு, "எங்க புள்ள அப்படியெல்லாம் இல்ல" என்று நாம் தப்பித்துக்கொள்வதும் எனக்குப் பிடிக்காது. அந்த வார்த்தைகள் அவர்களுடைய எண்ணம் இல்லை. எந்த இடத்தில் எதைச் சொல்லவே கூடாதோ, மூளை அதைத்தான் பிடித்து இழுக்கும். ஸ்காட்லாந்தின் ஜான் டேவிட்சன் சிறுவனாக 1989-இல் பிபிசி ஆவணப்படத்தில் வந்து ஊருக்கே தெரிந்தவர். டூரெட் பற்றிப் பள்ளி பள்ளியாகப் போய்ச் சொன்னதற்காக 2019-இல் அவருக்கு அரச விருது அறிவிக்கப்பட்டது. வாங்கப் போன இடத்திலும், அரசியின் முன்னிலையிலேயே, சொல்லக்கூடாததுதான் வாயில் வந்தது.

அடுத்து, உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டாலும் வரப்போகிற ஒன்று: மந்திரித்த கயிறு. டிக் ஒரே சீராக இருப்பதில்லை. சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும், ஒன்று போய் இன்னொன்று வரும். நாம் எப்போது மசூதிக்கோ கோயிலுக்கோ நாட்டு வைத்தியரிடமோ ஓடுவோம்? உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு அது எப்படியும் இறங்கத்தான் போகிறது. மந்திரித்த கயிறு, பத்தியம், புது மாத்திரை, புது டாக்டர், எது அந்த வாரத்தில் கையில் இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். கயிறு கட்டுவதால் கெடுதல் இல்லை, கட்டிக்கொள்ளுங்கள். வேப்பிலையால் அடிப்பதும், மிளகாய்ப் புகை போடுவதும், பட்டினி போடுவதும்தான் வேண்டாம். இதே காரணத்துக்காக என் பயிற்சியையும் ஒரு வாரத்தை வைத்து நம்பிவிடாதீர்கள். சில மாதங்களை வைத்துப் பாருங்கள்.

ஏற்ற இறக்கத்துக்கு அப்பால் நீண்ட கணக்கு ஒன்றும் இருக்கிறது. பெரும்பாலும் 5 முதல் 7 வயதில் தொடங்கி, 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போகும். உங்கள் மகனுக்கு 9. ஆகவே அடுத்த இரண்டு மூன்று வருடம் இது கூடினால் நீங்கள் எதையும் தவறாகச் செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பதின்வயதின் பிற்பகுதியில் பெரும்பாலானவர்களுக்குக் கணிசமாகக் குறைகிறது, சிலருக்கு அனேகமாக மறைந்தே போகிறது. எல்லோருக்கும் போய்விடும் என்று எவராவது உத்தரவாதம் தந்தால் அவரிடம் போகாதீர்கள்.

'மனநோய் இல்லை' என்று மட்டும் எழுதினால் போதாது என்றேன் அல்லவா, இப்போது அதற்கு வருகிறேன். டூரெட் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. பத்தில் எட்டு, ஒன்பது பேருக்குக் கூடவே இன்னொன்று இருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கவனக்குறைவு மற்றும் மிகைத்துடிப்பு, மூன்றில் ஒருவருக்கோ அதற்கு மேலோ எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி: ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வருவது), பலருக்குப் பதற்றம். பல பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வாழ்க்கையிலும் பெரிய இடி டிக்கால் விழுவதில்லை, இவற்றால்தான் விழுகிறது. "நாங்க மனநல டாக்டர் பக்கமே போக மாட்டோம், இது நரம்புப் பிரச்சினை" என்று பிடிவாதமாக இருக்கும் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். பையன் கதவைப் பூட்டியதை எட்டு முறை சரிபார்ப்பான், நோட்டில் எழுதியதை ஓட்டை விழும்வரை அழித்து எழுதுவான், பரீட்சையில் பாதித் தாள் காலியாக இருக்கும். அதற்கு மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன. போர்டில் 'மனநலம்' என்று எழுதியிருப்பதால் அங்கே போக மாட்டார்கள். நஷ்டம் பையனுக்கு. உங்கள் ஆசிரியை மனநல மருத்துவரிடம் காட்டச் சொன்னது தவறான காரணத்துக்காகச் சொன்ன சரியான யோசனை.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கும் தெரியும். 1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் காரணத்தால் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கியவர்கள் நாம். 'மென்டல்', 'லூசு' இல்லாமல் நகைச்சுவைக் காட்சி எழுதத் தெரியாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் கருகி இறந்தார்கள். ஓட முடியாதபடி சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் அவர்கள். மனநோய் என்ற பெயர் ஒட்டினால் மனிதரை என்ன செய்வோம் என்பது இந்த ஊரில் கற்பனை இல்லை. அதனால்தான் 'என் பிள்ளைக்கு அது இல்லை' என்று கத்தத் தோன்றுகிறது. கத்துங்கள், ஆனால் "அவனுக்கு மனநோய் இல்லை, அதனால் ஆபத்தில்லை" என்று சொல்லாதீர்கள். மனநோய் இருந்தாலும் அந்த ஆசிரியையின் பயம் தப்புதான். மனநோய் உள்ளவர்கள் பிறரை அடிப்பதைவிடப் பிறரிடம் அடி வாங்குவதே அதிகம். நாளைக்கே உங்கள் பையனுக்குப் பதற்ற நோய் என்று ஒரு டாக்டர் எழுதினால், இன்று நீங்கள் ஆசிரியையிடம் ஒப்புக்கொண்ட அந்த வாக்கியம் அவன் பக்கமே திரும்பும்.

மருந்து பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் பெட்டிக்குள் இருக்கும் சீட்டைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் நிறுத்துகிறார்கள். டிக் பையனுக்கு வலி தந்தாலோ, படிப்பையோ நட்பையோ கெடுத்தாலோ மட்டும்தான் மருந்து. இருக்கிறது என்பதற்காகக் கொடுப்பதில்லை. குளோனிடின் எழுதினால் மருந்துக் கடையில், "பிபி மாத்திரை, யாருக்கு?" என்பார்கள். அது ரத்த அழுத்த மருந்துதான், சின்ன அளவில் டிக்குக்கும் வேலை செய்யும். ரிஸ்பெரிடோன் எழுதினால் சீட்டில் மனச்சிதைவு என்று இருக்கும். அதே மருந்து சின்ன அளவில் டிக்குக்கும் தரப்படுகிறது. பையனுக்கு மனச்சிதைவு என்று அதற்குப் பொருள் இல்லை. தூக்கமும் எடை கூடுவதும் உண்டா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். குளோனிடினை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது, ரத்த அழுத்தம் எகிறும்.

இன்னொரு குழப்பமும் இப்போது சேர்ந்திருக்கிறது. கொரோனா காலத்தில் பல நாடுகளில், பெரும்பாலும் பதின்வயதுப் பெண்களுக்கு, ஒரே நாளில் திடீரென்று கை வீச்சும் முழு வாக்கியக் கத்தலும் வந்தது. ஜெர்மனியில் ஹனோவர் மருத்துவர்கள் கவனித்தபோது, பலரும் ஒரு பிரபல யூடியூபர் கத்தும் அதே வார்த்தைகளைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அது டூரெட் இல்லை, ஆனால் நடிப்பும் இல்லை. மன அழுத்தம் உடம்பின் வழியாக வெளியேறும் நிலை, அதற்கு வேறு சிகிச்சை. உங்கள் பையனுக்கு இருப்பது மெல்லத் தொடங்கி, கண்ணில் ஆரம்பித்து, கீழிறங்கி, ஒன்று போய் ஒன்று வந்த வரிசை. டூரெட்டின் வழக்கமான பாதை அது.

பள்ளிக்கு இதை எழுதிக் கொடுங்கள். என் பெயரில்லாமல், உங்கள் டாக்டரின் கையெழுத்தோடு:

"இவனுக்கு டூரெட் சிண்ட்ரோம் என்ற நரம்பு வளர்ச்சிக் கோளாறு உள்ளது. கண் சிமிட்டல், தோள் குலுக்கல், செருமல் அவன் விரும்பிச் செய்பவை அல்ல. தொற்றாது. யாருக்கும் ஆபத்தில்லை. சிறிது நேரம் அடக்க முடியும், ஆனால் அப்போது பாடத்தைக் கவனிக்க முடியாது. தயவுசெய்து நிறுத்தச் சொல்ல வேண்டாம், வகுப்பின் முன் சுட்டிக்காட்ட வேண்டாம். சுவரோரமாகவோ கடைசி வரிசையிலோ, பின்னால் பார்ப்பவர்கள் இல்லாத இடத்தில் உட்கார வையுங்கள். தேவைப்படும்போது கேட்காமலே ஐந்து நிமிடம் வெளியே போய்வர அனுமதி தாருங்கள். தேர்வைத் தனி அறையில் எழுத விடுங்கள்."

சட்டச் சலுகை பற்றிக் கேட்பீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் டூரெட்டின் பெயர் இல்லை. ஆனால் கற்றல் குறைபாடு அந்தப் பட்டியலில் இருக்கிறது. எழுதுவதிலும் வாசிப்பதிலும் தடுமாற்றம் இருந்தால் இப்போதே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வு வருடத்தில் சான்றிதழுக்கு அலைவது கொடுமை.

அடுத்த முறை டாக்டரிடம் போகுமுன், வீட்டில் டிக் அதிகமாக இருக்கும் நேரத்தில், பையனிடம் சொல்லிவிட்டே, மொபைலில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் பாதிப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே வராது; அம்மா பொய் சொல்வது மாதிரி ஆகிவிடும். அசைவின்போது நினைவு தப்பினாலோ, கூப்பிட்டும் திரும்பாமல் வெறித்துப் பார்த்தாலோ, கை கால் தளர்ந்து நடை மாறினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள். அது டிக் இல்லை, வலிப்பு உட்பட வேறு ஏதாவது இருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.